தங்கவயலில் ஒரு கடமாடு

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வேற்றிடத்தில் குடியேறிய மக்கள், தாம் விட்டு வந்த நாட்டின் ஏதேனும் ஒரு கூற்றைத் தம் இல்லத்தில் வைத்துப் போற்ற விரும்புவது இயற்கை. நம் முன்னோர் தங்கவயலுக்கு வந்தபோது குலதெய்வத்தைக் கொண்டு வந்தனர். கூத்தையும் பாட்டையும் கொண்டு வந்தனர். மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வழக்கத்தையும் கொண்டு வந்தனர். ஆனால் கடலை மட்டும் அவர்கள் கொண்டுவரவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய உள்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்தவராதலின், கடல் அவர்களுக்கும் சற்றுத் தொலைவான பொருளாகவே இருந்தது.

இன்று இவ்வூரில் வளரும் நம் குழந்தைகளுட் பலர் கடலைக் கண்டதில்லை. மாரிகுப்பத்தில் வண்டியேறிப் பங்காரப்பேட்டையில் மாறிச் சென்னை சென்றால் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தொலைவே. ஆயினும் விடுமுறையும் பணமும் ஒருங்கே வாய்ப்பது அரிது. இதில் ஒரு விந்தையும் உண்டு. நம் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. சாம்பியன் ரீப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. கணக்கிட்டுப் பாருங்கள். நம் தந்தையரும் பாட்டனாரும் கடலைக் காணாமலே, கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிப் பாறையை உடைத்து வந்தவர்கள்!

அத்தகைய சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் நான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்ட நாள்முதல் என் தந்தையார் வீட்டில் இருக்கின்றார். சுரங்கத் தூசியினால் மார்பு நலிந்தவர்; நெடுந்தூரம் நடக்க இயலாதவர். என் மகள் கடலைக் காட்டும்படி கேட்பதும், தந்தையார் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதும் ஆகிய இவ்விரண்டுமே உப்புநீர் மீன் தொட்டி ஒன்றை எங்கள் வீட்டில் அமைக்கக் காரணமாயின. அத்தொட்டியில் இரண்டரை ஆண்டுகள் வளர்ந்த கடமாடு என்னும் மீனைக் குறித்தே இங்கு எழுதப் புகுகின்றேன். நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் இம்மீனின் படத்தைப் பார்த்துவிட்டு, வாங்கித் தருமாறு பெற்றோரை நச்சரிப்பதைக் காண்கின்றேன். ஆதலின் இது சிலருக்கேனும் பயன்படலாம்.

கடமாடு என்று நம் கடற்கரை மக்கள் வழங்கும் மீன் குடும்பத்திற்கு, அதன் வடிவம் பற்றிப் பெட்டி மீன் என்னும் பெயரும் உண்டு. ஆவுளியா எனப்படும் கடற்பசு வேறு, இது வேறு. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 25 இனங்கள் உள்ளன. அவற்றுள் சிலவற்றிற்கு நெற்றியில் மாட்டுக்கொம்பு போன்ற இரு முட்கள் நீண்டிருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது கொம்பில்லாத மஞ்சள் இனம். குஞ்சுப் பருவத்தில் எலுமிச்சை மஞ்சள் நிறமும், அதன்மேல் கரும்புள்ளிகளும் கொண்டு, தாயக்கட்டை ஒன்று நீரில் நீந்துவது போல் தோன்றும். மற்ற மீன்களைப் போன்ற செதில் இதற்கில்லை. அறுகோண வடிவான எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று இணைந்து, உடல் முழுவதும் ஒரு பெட்டியாக இறுகியிருக்கின்றது. வாய், கண், செவுள், துடுப்பு, வால் ஆகியவற்றிற்கு மட்டுமே அப்பெட்டியில் வழி விடப்பட்டுள்ளது. உடலை வளைத்து நீந்த இயலாமையால், சிறு துடுப்புகளை விசிறி போல் அசைத்து அசைத்துச் செல்லும்.

இப்பெட்டி உடலைக் கண்டு மேனாட்டார் வியந்ததும் உண்டு. ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் 2005-ஆம் ஆண்டில் இம்மீனின் வடிவத்தைப் பின்பற்றி மாதிரிக் கார் ஒன்றைச் செய்து காட்டினர். காற்றைக் கிழித்துக்கொண்டு நிலையாகச் செல்லும் வடிவம் இது என்பது அவர்கள் கருத்து. பின்னர் 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இவ்வடிவம் மீனை நிலையாக நிறுத்துவதைவிட, நினைத்த பக்கம் சட்டெனத் திரும்பவே துணை செய்கின்றது என்று எடுத்துக் காட்டிற்று. பவளப் பாறைகளின் சந்துபொந்துகளில் வாழும் உயிருக்கு வேகத்தைவிடத் திருப்பமே வேண்டற்பாலது அன்றோ?

நிற்க. இம்மீனை வளர்க்க விரும்புவோர் முதற்கண் அறிய வேண்டுவது அதன் அழகன்று, அதன் நஞ்சு. கடமாடு அச்சமுற்றாலும், துன்புறுத்தப்பட்டாலும், இறக்குந் தறுவாயிலும், தன் தோலினின்று ஒருவகை நஞ்சைக் கசியவிடும். 1964-ஆம் ஆண்டில் தாம்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இந்நஞ்சைக் குறித்து எழுதினார். 1967-இல் ஹவாய்த் தீவில் பாய்லன், ஷாயர் என்னும் இருவர் அதன் வேதியியல் அமைப்பை விளக்கினர். சவர்க்காரம் போல் நீரில் நுரைக்குந் தன்மையுடைய அந்நஞ்சு மற்ற மீன்களின் செவுளைத் தாக்கும். விரிந்த கடலில் அது நீரோடு கரைந்து போய்விடும். கண்ணாடித் தொட்டியிலோ அதற்குப் போக்கிடம் இல்லை. உடனிருக்கும் மீன்கள் யாவும் மாளும். இறுதியில் கடமாடும் தன் நஞ்சினாலேயே மாளும். வீட்டில் ஒருவரது சினம் வீட்டார் அனைவரையும் எரித்துத் தம்மையும் எரிப்பது போன்றது இது.

பெங்களூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இவ்வாறு நேர்ந்தது. விற்றவர், “எந்த மீனோடும் விடலாம், தொல்லையே இல்லை” என்று சொல்லிக் கொடுத்திருந்தார். துடுக்கான சிறு மீன்கள் இரண்டு அதை ஓயாது துரத்தின. விடிந்து பார்த்தபோது பதினொரு மீன்களும் மிதந்தன. அந்நிகழ்ச்சியை அறிந்திருந்தமையால், ஓராண்டுக் காலம் படித்தும் கேட்டும் தெளிந்த பின்னரே இம்முயற்சியில் இறங்கினேன். ‘தொட்டி முழுவதும் இதற்கே உரியது, இது வளர்ந்து தொட்டிக்கு மிஞ்சும்போது பெரிய தொட்டியுடைய ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்’ என்னும் இரு முடிவுகளை வாங்குமுன்பே செய்துகொண்டேன். கடலில் இம்மீன் 45 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதை எண்ணாமல், கட்டைவிரலளவு குஞ்சைக் கண்டு மயங்குவது பேதைமை.

இனி, மலைமேல் கடல்நீரைப் பெறுவது எங்ஙனம்? இவ்வினா புதியதன்று. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்பார் 1850-களில் மீன் தொட்டிக் கலையைப் பொதுமக்களிடையே பரப்பியபோது, கடற்கரையினின்று தொலைவில் வாழ்வோர்க்காக உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் ஆராய்ந்தார். நம் நாட்டில் சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே மீன் காட்சிச் சாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், அது மூடப்பட்டது. அச்சாலைக்குக் கடல் வாயிலிலேயே இருந்தது. நமக்கோ காஸின் வழியே வழி.

அடுப்படி உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் சோடியமும் குளோரைடும் மட்டுமன்றி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், கந்தக உப்புகள் முதலியனவும் கலந்துள்ளன. மீன் தொட்டிக்கெனவே விற்கும் கலவை உப்பைத்தான் வாங்க வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கலத்தல் முறை. எங்கள் தொட்டி நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உடையது. மணலும் கல்லும் போக, 400 லிட்டர் நீர் கொள்ளும். வாரந்தோறும் அதில் பத்தில் ஒரு பங்கை மாற்றுவேன்; அதற்கு 1400 கிராம் உப்பு ஆகும். கோலார் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினமும் புளூரைடும் மிகுதியாதலின், சுத்திகரித்த குடிநீரையே கேனில் வாங்கி வந்து கலக்கின்றேன். மற்றொன்றும் நினைவிற் கொள்க: தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு குறைவதில்லை. ஆகையால் அக்குறையை நன்னீரால் நிரப்ப வேண்டுமேயன்றி உப்புநீரால் நிரப்பலாகாது. நாள்தோறும் ஒரு செம்பு நீர் ஊற்றும் இப்பணி என் மகளுக்கு உரியது.

நீரைக் கலந்தவுடன் மீனை விடுவது கொலைக்கு ஒப்பாகும். மீனின் கழிவினின்று தோன்றும் அம்மோனியா கொடிய நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்க் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வெற்றுத் தொட்டியின்முன் அவ்வளவு நாள் பொறுத்திருப்பது குழந்தைகளுக்குக் கடினந்தான். ஆயினும் சோதனைக் குப்பியில் நிறம் மாறுவதை நாள்தோறும் பார்த்து ஏட்டில் குறித்து வந்ததனால், என் மகள் பள்ளியில் கற்காத பாடம் ஒன்றைக் கற்றாள். மேலும், நம் ஊரின் மார்கழி, தைக் குளிரில் நீர் மிகவும் குளிர்ந்துவிடும். கடமாட்டிற்கு 25, 26 டிகிரி வெப்பம் வேண்டும். சென்னையில் தேவைப்படாத வெப்பக்கோல் நமக்கு இன்றியமையாதது.

இப்பொழுது உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் கடமாட்டுக் குஞ்சுகள் மாள்வதற்குப் பசி ஒரு பெருங்காரணம். அதன் வாய் மிகச் சிறியது, நடையோ மந்தமானது. கடலில் அது மணற்பரப்பின்மேல் நின்று, வாயினின்று நீரைப் பீச்சி மணலை விலக்கி, அடியில் ஒளிந்திருக்கும் புழுக்களையும் சிறு சிப்பியினத்தையும் கொத்தித் தின்னும். பாசி, கடற்பஞ்சு, சிற்றிறால் முதலியனவும் அதன் உணவே. நாள் முழுதும் சிறிது சிறிதாக மேய்ந்து வாழும் உயிர் அது. ஆகையால் காலையில் ஒருமுறை கைநிறைய இரையை அள்ளிப் போட்டுவிட்டு வேலைக்குச் செல்பவர் வீட்டில் அது பிழைக்காது. மிதக்கும் உலர்ந்த தீனியைப் பெரும்பாலும் தொடுவதுமில்லை.

முதல் இரு வாரங்கள் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சியின் முட்டைகளை வீட்டிலேயே பொரித்துக் கொடுத்தோம். உப்புநீர் நிரப்பிய புட்டியில் அம்முட்டைகளை இட்டுக் காற்றுக்குழாயை விட்டால், ஒரு நாள் அல்லது ஒன்றரை நாளில் செந்நிறத் தூசி போல் குஞ்சுகள் தோன்றும். அவற்றை நன்னீரில் அலசி மீனின் வாய்க்கருகே விட வேண்டும். உயிருள்ள இரை அசைவதைக் கண்டால்தான் புதிதாய் வந்த கடமாட்டிற்குப் பசி எழும். பின்னர்ப் படிப்படியாக, உறைந்த ஆர்ட்டீமியாவுக்கும், கடுகளவாக நறுக்கிய இறாலுக்கும் அதைப் பழக்கினோம். உப்பும் மஞ்சளும் தடவாத பச்சை இறாலையே தோலுரித்துக் கொடுக்க வேண்டும். மட்டிச் சதை கிடைக்கும்போது அதனையும், வாரத்தில் சில நாள் உலர்ந்த கடற்பாசித் தாளின் துணுக்குகளையும் சேர்த்துக்கொண்டோம். ஒரே இரையை நாள்தோறும் கொடுப்பது நன்றன்று.

காலையிலும் மாலையிலும் நான் ஊட்டுவேன். நண்பகல் ஊட்டலும் பிற்பகல் ஊட்டலும் என் தந்தையாரின் பொறுப்பு. ஊசி நீக்கிய மருந்துக் குழலில் இரையை உறிஞ்சி, மீனின் முன்னே மெல்லச் செலுத்துவார். சுரங்கத்தில் வெடிமருந்து நிரப்பிய கைகள் அவை, அவசரம் அறியாதவை. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே இரை. மிஞ்சியதைக் குழாயிட்டு எடுத்துவிடுவார். சில திங்களில் கடமாடு அவரை அறிந்துகொண்டது. அவர் நாற்காலி நகரும் ஓசை கேட்டவுடன் கண்ணாடியின் அருகே வந்து, மேற்பரப்புக்கு எழும்பி நீரைப் பீச்சும். அதன் வயிற்றுப் புறம் குழிந்திருந்தால் இரை போதவில்லை என்பது பொருள் என்று எனக்குச் சொன்னவர் அவரே. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மணியைப் பார்க்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் இம்மீன் செய்த நன்மைகளுள் இதனையே நான் தலையாயதாகக் கருதுகின்றேன்.

கையாளும் முறையிலும் கவனம் வேண்டும். கடமாட்டை வலையால் அள்ளித் துரத்தலாகாது. நீரைவிட்டுக் காற்றில் தூக்குதலும் ஆகாது. இடம் மாற்ற நேரின், கலம் ஒன்றை நீருக்குள்ளேயே அமிழ்த்தி, மீன் தானாக நுழையும்வரை பொறுத்திருந்து, நீரோடு சேர்த்து எடுக்க வேண்டும். கண்ணாடியைத் தட்டுதல் கூடாது என்று வீட்டிற்கு வரும் பிள்ளைகளுக்கு என் மகள் முதலிலேயே எச்சரிப்பாள். நஞ்சு கசிந்ததாக ஐயம் எழுந்தால் உடனே பெரும்பகுதி நீரை மாற்றி, செயலூட்டிய கரியை வடிகட்டியில் இட வேண்டும். இதற்கெனக் கலந்த உப்புநீர் எங்கள் வீட்டில் எப்பொழுதும் இருக்கும்.

இவையனைத்தையும்விடக் கடினமானது மின்சாரம். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்தினின்று மின்சாரம் பெற்ற ஊர் நம்முடையது. ஆயினும் இன்று மழையும் காற்றும் வந்தால் விளக்கு அணைந்துவிடுகின்றது. நீரோட்டமும் காற்றும் நின்றால், சிலமணி நேரத்தில் தொட்டியின் உயிர்வளி குன்றத் தொடங்கும். ஒரு நாள் நள்ளிரவில், நாங்கள் அயர்ந்து உறங்குகையில், தந்தையார் என் தோளைத் தொட்டு எழுப்பினார். “காத்து நின்னு போச்சுடா, எழுந்திரு” என்றார். முதலில் எனக்கு விளங்கவில்லை. காற்று இயந்திரத்தின் முணுமுணுப்பு நின்றுபோன அமைதியே அவரை எழுப்பியிருந்தது. மின்கலத்தில் இயங்கும் சிறு காற்று இயந்திரத்தை மாட்டிவிட்டு, விடியும்வரை இருவரும் விளக்கேற்றி அமர்ந்திருந்தோம். “கீழே வேலை செஞ்சவனுக்குத்தான் காத்தோட அருமை தெரியும்” என்று மட்டும் சொன்னார். முப்பதாண்டுச் சுரங்க வாழ்க்கையைப் பற்றி அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. அன்றிரவு, காற்றுக்குழாய் அடைத்துக்கொண்ட நாள்களைப் பற்றி விடியும்வரை பேசினார்.

இரண்டரை ஆண்டு முடிவில் கடமாடு 18 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. எலுமிச்சை நிறம் மங்கிக் கடுகின் நிறமாயிற்று. தொட்டியின் ஒரு மூலையினின்று மறுமூலைக்குச் செல்ல அதற்குச் சில வீச்சுகளே போதுமாயின. குறித்த நாள் வந்துவிட்டதென்று நான் அறிவேன். ஆயினும் தந்தையாரிடம் எவ்வாறு சொல்வதென்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே ஒருநாள், “இது இப்ப திரும்பவே இடமில்லடா. கூப்பிட்டுச் சொல்லிடு” என்றார். பெங்களூரில் 2000 லிட்டர் தொட்டி வைத்துள்ள அன்பர் ஒருவர் முன்பே இசைந்திருந்தார். வளர்த்த மீனைக் கடலில் கொண்டுபோய் விடுதல் முறையன்று. தொட்டியின் நோயைக் கடலுக்குக் கொண்டுசெல்வதாகும்.

பயணத்திற்கு முந்திய நாள் மீனுக்கு இரையிடலாகாது. இரையிட்டால் வழியில் நீர் கெட்டுவிடும். அன்று நண்பகலும் கடமாடு வழக்கம்போல் கண்ணாடியருகே வந்து நீரைப் பீச்சிற்று. தந்தையார் குழலை எடுக்காமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடியற்கால வண்டியில், மூடியிட்ட பெரிய கலத்தில், மின்கலக் காற்று இயந்திரத்துடன் அதனைக் கொண்டுசென்று சேர்த்தேன். அது அங்கே நலமாக உள்ளது.

நம் குடும்பத்தார்க்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. கடமாடுகள் ஏறக்குறைய யாவும் கடலினின்று பிடித்து விற்கப்படுவன. வீட்டிலோ பண்ணையிலோ இனம் பெருக்கப்படுவன அல்ல. நாம் ஒன்றை வாங்கி மாளவிட்டால், கடலில் ஒன்று குறைந்தது என்பதே பொருள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கிய கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுள்ளது. பவளமும் கடற்குதிரையும் 2001-ஆம் ஆண்டு முதல் சட்டத்தின் முழுக் காவலில் உள்ளன. எவர் கொண்டுவந்து கொடுப்பினும் அவற்றைத் தொட்டியில் வைத்தல் குற்றம். நாளைக்கு நான்குமுறை ஊட்ட ஆளும், 400 லிட்டர் தொட்டியும், வளர்ந்தபின் அனுப்ப ஓர் இடமும் இல்லாத வீட்டார் கடமாட்டை விரும்பலாகாது. பிள்ளைகளுக்குக் கடல் மீனைக் காட்ட விழைவோர், நம் நாட்டிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்படும் கோமாளி மீனைத் தேர்க. அது சிறியது, கொடுத்த தீனியைத் தின்பது, நஞ்சில்லாதது.

இப்பொழுது எங்கள் தொட்டியில் உள்ளவை அவ்வாறு வளர்க்கப்பட்ட கோமாளி மீன்கள் இரண்டு. நண்பகல் ஊட்டல் இன்றும் தந்தையாருடையதே. உப்புக் கலவை, உப்பளவு காணும் முறை, ஆர்ட்டீமியா பொரித்தல் ஆகியவற்றை நேரில் கண்டறிய விரும்பும் அன்பர்கள் ஞாயிறு பிற்பகலில் பிள்ளைகளுடன் தாராளமாக வரலாம். கண்ணாடியைத் தட்டாதிருக்குமாறு மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி அழைத்து வாருங்கள்.